சேர்ந்திசையின் மண்டாடி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது 'பெண்களும் உடல்நலமும்' என்ற தலைப்பில் இருபது நிமிடம். நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்புப் பரிசோதனை என்று கிளினிக்கில் வாரத்தில் ஐந்து நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கும் சொன்னால் நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நேரே ரோல்ஸ் இருக்கிற மேசைக்குத்தான் போவீர்கள். நாளைக் காலைப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்றொரு விடயம் இருக்கிறது. முன்வாசலுக்கு வளைவு, மண்டபத்துக்குக் குளிரூட்டி, நினைவுத் தூண் என்று மூன்று யோசனைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. நாலாவது ஒன்றை வைக்கத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரின் கதை சொல்ல வேண்டும். அவர் டொக்டர் இல்லை, நம் ஊருக்கு வந்தவரும் இல்லை. பாட்டுக்கு இசை போட்டவர், பாடுகிறவர்களை ஒன்றுசேர்த்து ஒரு குழுவை நடத்தியவர்.

நாம் துறைமுகத்துப் பிள்ளைகள். ஆகவே நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கரைவலை இழுப்பதைப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கயிற்றில் இருபது முப்பது பேர் நிற்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏந்திப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு வேலை உண்டு. முப்பது பேரின் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும்; தனித்தனியாக இழுத்தால் வலை நகராது. அந்த வலைக்குப் பின்னால் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. மீன் விற்ற காசில் அவருடைய பங்கு போகத்தான் மற்றவர்களுக்கு. மற்றவர் மண்டாடி. எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது என்று பார்த்துச் சொல்லுகிறவர். அவரும் தோணியில் நனைகிறவர்தான். ஒரே ஆள் இரண்டுமாக இருப்பதும் உண்டு. பாட்டுக் குழுக்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களும் அநேகமாக இந்த இரண்டில் ஒன்று என்பது என் எண்ணம்.

முதலில் சம்மாட்டி. என் அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தை விட்டுப் போனபோது, போகிற மாலுமிகள் சாமான்களை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனார்களாம். அப்பப்பா வாங்கியது ஒரு பெட்டி கிராமபோன் தட்டுகள். அதில் இரண்டு, 'பிளாட்டர்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவினுடையவை. நாலு ஆண்கள், ஒரு பெண், ஐந்து பேரும் கறுப்பினத்தவர். அந்தப் பெண் ஸோலா டெய்லர் 1954இல் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. ஓ.எல். எழுதுகிற வயது.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில், அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்: ராம். சின்ன வயதில் நான் அதை யாரோ இந்தியர் என்றே நினைத்திருந்தேன். அவர் பக் ராம். 1907இல் சிக்காகோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு வக்கீலாகாமல் பாட்டு எழுதப் போனார். பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசை ஒழுங்கமைத்துக் கொடுத்தார். 1950களில் லொஸ் ஏஞ்சலிஸில் இளம் பாடகர்களைத் தேடிப் பிடித்து முகாமை செய்யத் தொடங்கினார். அவர் கையில் இரண்டு குழுக்கள் இருந்தன. 'பெங்குவின்ஸ்' என்ற குழுவின் பாட்டு ஒன்று அப்போது சக்கைபோடு போட்டது. 'பிளாட்டர்ஸ்' குழுவை யாருக்கும் தெரியாது. மேர்க்கரி இசைத்தட்டுக் கம்பனி பெங்குவின்ஸைக் கேட்டபோது ராம் சொன்னார்: அவர்கள் வேண்டுமென்றால் இவர்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். சந்தையில் நல்ல மீனோடு சாளையையும் சேர்த்துத் தள்ளிவிடுவது மாதிரி. ஆனால் நடந்தது தலைகீழ். பெங்குவின்ஸுக்கு அதன்பிறகு சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. பிளாட்டர்ஸ் பாடியதும், முதல் கம்பனி ஒதுக்கி வைத்ததுமான ஒரு பாட்டை 1955இல் மேர்க்கரிக்காகத் திரும்பப் பதிவுசெய்தார்கள். அதுதான் 'ஒன்லி யூ'. அடுத்த பாட்டு உடனே தயாரா என்று கம்பனி கேட்க, தயார் என்று பொய் சொல்லிவிட்டு, லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் கழிப்பறையில் இருந்து இருபது நிமிடத்தில் 'தி கிரேட் பிரிட்டெண்டர்' பாட்டை எழுதியதாக ராம் பிற்பாடு சொல்லிக்கொண்டார். பாட்டுக்காரர்கள் சொல்லும் கதைகளை நான் அரை உப்போடுதான் எடுப்பேன். ஆனால் பாட்டு உண்மையிலேயே நல்ல பாட்டு. அது உட்பட அந்தக் குழுவின் நாலு பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தன.

ராம் கெட்டிக்காரர். எழுதியவர், கற்பித்தவர், நிகழ்ச்சி பிடித்தவர், கணக்குப் பார்த்தவர் எல்லாம் அவரே. 1956இல் குழுவைக் கம்பனியாகப் பதிந்து பாடகர்களுக்கும் பங்கு கொடுத்தார். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலப்போக்கில் அந்தப் பங்குகள் பாடகர்களின் கையிலிருந்து கம்பனிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 'பிளாட்டர்ஸ்' என்ற பெயரும் கம்பனிக்கே சொந்தம் என்றாகியது. பாடியவர்கள் விலகிப்போய்த் தங்கள் பழைய பெயரில் மேடையேறினால் வழக்கு. அவர்களில் ஒருவரான பால் ரோபி 1980களில் நீதிமன்றத்தில் வென்றார், வென்று சிறிது காலத்திலேயே இறந்தார். குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவரான ஹெர்ப் ரீட், 2012இல் இறக்கும்வரை அந்தப் பெயருக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கினார். ராம் 1991இலேயே இறந்துவிட்டார். வழக்கு அவருக்குப் பின்னும் இருபது வருடம் நடந்தது. ஒரே காலத்தில் பல ஊர்களில் பல 'பிளாட்டர்ஸ்' குழுக்கள் பாடிக்கொண்டிருந்தன. பாட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யார் பாடியது என்பதுதான் குழம்பிப்போனது.

இனி மண்டாடி. அவருடைய பெயர் எம்.பி. சீனிவாசன். எம்.பி.எஸ். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1990இல் இந்த ஊரை விட்டுக் கடல் கடந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்குப் பத்து வயது. சென்னையில் நாங்கள் இருந்த இரண்டு வருடமும் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார், வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாட்டுப் பயிற்சிக்குப் போவார். அவர் வீட்டில் உடுப்புத் தோய்க்கும்போது பாடுவது எந்தப் பாட்டின் மெட்டிலும் சேராது. ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று, பிறகு கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறும். "இது என்ன பாட்டு அக்கா?" என்று கேட்டேன். "இது பாட்டில்லடா செல்லம், பாட்டோட கால்வாசி. மிச்ச முக்கால்வாசியும் வேற வேற ஆளுங்ககிட்ட இருக்கு" என்றார். எம்.பி.எஸ். அப்போது உயிரோடு இல்லை. 1988இல் காலமாகிவிட்டார். அவர் ஒழுங்குபடுத்திய பாட்டின் கால்வாசியைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

அவர் 1925இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்திலேயே மாணவர் இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று போனவர். மக்கள் நாடக மன்றமான இப்டாவின் பாட்டுக்காரராகத்தான் அவருடைய இசை வாழ்க்கை தொடங்கியது. அவர் மணந்த ஸாஹிதா, அமிர்தசரசின் விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். 1919இல் அந்தக் கிச்லுவையும் சத்தியபாலையும் கைதுசெய்ததற்கு எதிராகக் கூடிய கூட்டத்தின் மீதுதான் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டார்கள் என்பது நம் சரித்திரப் புத்தகத்தில் இருந்தது, ஏ.எல். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பிராமணப் பையன், காஷ்மீரி முஸ்லிம் குடும்பத்துப் பெண். அந்தக் காலத்தில், அந்தக் கலியாணம்.

படத்துக்கு இசையமைக்க வந்தது 1960இல், 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்தில். வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கினார். பலர் பங்கு போட்டு எடுத்த படம். தேசிய விருதுச் சான்றிதழ் கிடைத்தது, தியேட்டரில் ஓடவில்லை. அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டு ஒன்றை இங்கே இருக்கும் மூத்த அக்காமார் எல்லோரும் முணுமுணுத்திருப்பீர்கள். இசையமைத்தவர் யாரென்று கேட்டால் விசுவநாதன் ராமமூர்த்தி என்பீர்கள். எம்.பி.எஸ்ஸின் தலைவிதி அது. அடுத்த வருடம் 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக ஒரு மெலிந்த இளைஞரைப் பாட வைத்தார். ஸ்ரீ நாராயண குருவின் வரிகள். அந்த இளைஞர் கே.ஜே. யேசுதாஸ். அதுதான் அவர் படத்துக்குப் பாடிய முதல் பாட்டு.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் தமிழ்ப் படங்களில் எம்.பி.எஸ்ஸுக்கு வாய்ப்பு சொற்பமாகவே வந்தது. மலையாளத்தில்தான் அவர் நிலைத்தார். அடூர் கோபாலகிருஷ்ணன், கே.ஜி. ஜோர்ஜ் போன்றவர்களின் படங்களில் அவருடைய இசையைக் கேட்கலாம். தமிழில் கதவு மூடியதற்குக் காரணம் அவர் தொழிற்சங்கம் நடத்தியதுதான் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வாசிக்கிறவருக்கும் தபேலா வாசிக்கிறவருக்கும் நிச்சயமான கூலி வேண்டும், நேரக் கணக்கு வேண்டும் என்று சினிமா இசைக் கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தவர் அவர். பாட்டின் பெருமை பாடியவருக்கும் நடித்தவருக்கும் போகும். பணம் தயாரிப்பாளருக்குப் போகும். பின்னால் இருந்து வாசித்தவர் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று மடியைத் தடவுவார். இசையமைப்பாளருக்கே சட்டத்தில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. படத்துக்காகப் போட்ட இசை தயாரிப்பாளருக்குத்தான் சொந்தம் என்று 1977இல் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் திருந்தியது 2012இல். எம்.பி.எஸ். இறந்து இருபத்துநாலு வருடம் கழித்து.

இப்படி, வருமானம் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரிந்த ஒரு மனிதர் தனக்கென்று ஒரு குழு அமைத்தால் அதை எப்படி அமைப்பார்? இந்தக் கேள்விக்காகத்தான் அவரை நான் தெரிந்தெடுத்தேன். 1970களின் தொடக்கத்தில் அவர் 'சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு'வை ஆரம்பித்தார். அதற்கு முன்னோடி கல்கத்தாவில் இருந்தது: ரூமா குஹா தாகுர்தா 1958இல் தொடங்கிய குழு. சென்னையில் பாட வந்தவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். பாரதியின் பாட்டுகளை அவர்களுக்காக நாலு வரியாகப் பிரித்து எழுதினார். தமிழோடு நிற்கவில்லை, இந்தியாவின் பல மொழிகளிலும் பாட வைத்தார். யாரும் தனி நட்சத்திரம் இல்லை. எம்.பி.எஸ். கையை உயர்த்தி நின்று நடத்துவார், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. அதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள், இது எனக்குப் பிடித்த பகுதி. நம் சங்கீதம் ஒற்றை வரியில் போவது. ஒரு சுரம் அசையாமல் நிற்பது அரிது. கமகம்தான் அதற்கு உயிர். மேல்நாட்டுச் சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நாற்பது பேரும் தத்தம் சுரத்தை அசைத்தால் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். அசைவை முழுக்க எடுத்துவிட்டால் பாரதி பாட்டு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டு மாதிரிக் கேட்கும். எம்.பி.எஸ்ஸின் ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது எனக்குப் படுவது இதுதான்: மெட்டைச் சுமக்கும் வரியில் ராகம் தெரிகிற அளவுக்கு மட்டும் அசைவை விட்டுவைக்கிறார், மற்ற வரிகளை வீட்டுச் சுவர் மாதிரி நேராக நிறுத்துகிறார். எல்லாப் பாட்டிலும் அது சரிவந்தது என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் ராகம் கொஞ்சம் மூச்சுமுட்டுகிறது. ஆனால் சரிவந்தவை வந்தவைதான். பக்கத்து வீட்டு அக்கா உடுப்புத் தோய்த்தபடி பாடியது அந்தச் சுவர்களில் ஒன்று.

நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாடல் பழகினோம். என் குரல் உங்களுக்கே கேட்கிறது, தடித்த குரல். அப்போதும் இப்படித்தான். பாட்டுச் சுருதி மெல்லிய குரல்காரருக்கு ஏற்ப வைக்கப்படும். மேலே போகும் இடத்தில் என் குரல் பிசிறும். ஓரத்தில் நிற்க வைத்து, "பிள்ளை, நீர் வாயை மட்டும் அசையும்" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர் அப்படி வாயசைத்தோம். ஒருத்தி இப்போது ரொறொன்ரோவில், இந்த மலரை வாசிப்பாள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அதுதான் வழக்கம். ஒரே வரியில் பாடினால் ஒரே வகைக் குரலுக்குத்தான் இடம். எம்.பி.எஸ். எழுதிய மாதிரி நாலு வரி இருந்தால் தடித்த குரலுக்கென்று ஒரு வரி வேண்டும், அது இல்லாமல் மற்ற வரிகள் நிற்காது. சென்னையில் நான் கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கால்வாசி, என் குரலுக்கான வரி. அது எனக்கு விளங்கியது பல வருடம் கழித்து, மருத்துவ பீடத்தில் படிக்கும்போது.

டொக்டர் பேச வந்தால் கொஞ்சமாவது மருத்துவம் சொல்ல வேண்டும். 2013இல் சுவீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினைந்து இளம் மாணவர்களைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். பாடும்போது அவர்களின் துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. மந்திரம் ஒன்றுமில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். இது எல்லோருக்கும் உள்ளது. பாட்டின் வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் எல்லோரும் மூச்செடுக்க முடியும். ஆகவே மூச்சு ஒன்றாகிறது, அதன் பின்னால் துடிப்பும் போகிறது. கயிற்றில் நின்று அம்பாப் பாடியவர்களுக்கு இது தெரியும். அவர்கள் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் சுவாசக் கிளினிக்கில் காலையில் உப்புவெளி அம்மா ஒருவர் இருப்பார், அடுத்தது கிண்ணியா உம்மா, அதற்கடுத்தது சீனன்குடாவில் இருந்து வரும் சிங்கள ஆச்சி. மூன்று பேரிடமும் நான் சொல்வது ஒன்றைத்தான். "ஆழமா மூச்சு எடுங்கோ." "ஹுஸ்ம கன்ன." வரிசையில் இருக்கிறவர்களும் தம்மை அறியாமல் ஒரு மூச்சு எடுப்பார்கள். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் வாழ்கிறோம். ஒரே வாங்கில் இருந்து மூச்செடுக்கிறோம். சேர்ந்து பாடியதில்லை. சேர்ந்து பாடுவது என்றால் கொழும்பில் இருந்து யாராவது பெரியவர் வரும் நாளில் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு நிற்க வைப்பது என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்தப் பாட்டைப் பாடிவிட்டு மறந்துவிடுவார்கள்.

எம்.பி.எஸ். இதையும் யோசித்தவர். இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பள்ளிக்கூடங்களில் சமூகப் பாடல் திட்டம் ஒன்றை நடத்தியபோது, ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பழக்கினார். விழாவுக்காக அல்ல, வகுப்பில் தினமும் பாடுவதற்காக. வேறு மொழிப் பாட்டைப் பிள்ளைகள் வாய்க்கு வருகிறபடி பழகுவார்கள். 1988 மார்ச் 9ஆம் திகதி லட்சத்தீவில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கப் போன இடத்தில் அவர் காலமானார். அறுபத்திரண்டு வயது. கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு, முன்னால் பிள்ளைகள். சினிமா உலகம் அவரை எவ்வளவு ஒதுக்கியது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் வரும். அவர் ஒதுங்கிப்போனவர் மாதிரித் தெரியவில்லை. அவருக்குப் பின்னும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் அவர் வழியில் சேர்ந்திசைக் குழுக்கள் பாடுகின்றன. பிளாட்டர்ஸ் என்ற பெயருக்காக எத்தனை வக்கீல்மார் வாழ்ந்தார்கள் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். பாட்டு எழுதுவதில் பக் ராமும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் வலையைத் தன் வீட்டில் பூட்டி வைத்தார், இவர் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இப்போது நாளைய கூட்டத்துக்கான யோசனைக்கு வருகிறேன். நம் கல்லூரிக்கு ஒரு சேர்ந்திசைக் குழு வேண்டும். நூற்றாண்டு நிதியை நிரந்தர வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஒரு பாட்டாசிரியையை வைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம். வாத்தியம் வேண்டாம், சுருதிப் பெட்டி ஒன்று போதும், அதுவும் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. குரல் சோதித்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த வரியில் நிற்பது என்று பார்க்கத்தான் சோதனை. தமிழ்ப் பாட்டோடு தொடங்குவோம். இரண்டாம் வருடம் ஒரு சிங்களப் பாட்டு, நம் பிள்ளைகள் அதன் கருத்தைத் தெரிந்துகொண்டு பாட வேண்டும். ஊரில் இருக்கும் சிங்களப் பாடசாலை ஒன்றும் முஸ்லிம் பாடசாலை ஒன்றும் சம்மதித்தால் அவர்களையும் கூப்பிடுவோம். சம்மதிக்காவிட்டால் நாம் பாடிக்கொண்டிருப்போம், கேட்கும் தூரத்தில்தானே இருக்கிறார்கள்.

ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரியும். சங்கீதம் படித்த அக்கா ஒருவர் தேநீர் நேரத்திலேயே சொல்லிவிட்டார்: "டொக்டர், இது நம்முடைய முறை இல்லையே." கோணேசர் மலையில் சம்பந்தர் பதிகத்தை ஓதுவார் தனியே பாடுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. அந்தப் பதிகத்தை நாலு வரியாகப் பிரிக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். பாரதியும் அம்பாவும் இருக்கின்றன. 1970களில் நம் ஊர்ப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் மெல்லிசையில் கிட்டாரைக் கொண்டுவந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இன்று அவர்களை ஊரின் பெருமை என்கிறோம்.

இன்னொன்று, பணம் தருகிறவர்களுக்கு. லண்டன், சிட்னி, ரொறொன்ரோக் கிளைகள் இதில் பெரும்பங்கு தருவீர்கள். அதற்காகக் குழுவுக்கு யாருடைய பெயரும் வைக்கக் கூடாது என்று நான் நாளை எழுத்தில் கேட்கப் போகிறேன். என் அம்மாவின் பெயரில் ஒரு தொகை தருகிறேன், அதுவும் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கட்டும். ஆசிரியை எழுதும் பாட்டுகள் அவருடையவை. வேறு பாடசாலை கேட்டால் இலவசமாகக் கொடுக்கலாம், ஆனால் எழுதியவர் பெயர் தாளின் தலைப்பில் இருக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் அல்ல.

வளைவு கட்ட விரும்புகிறவர்கள் என்னோடு கோபிக்க வேண்டாம். நாளை பத்து மணிக்குக் கூட்டம், வாக்கெடுப்பு உண்டு. அதற்கு முன் ஒன்பது மணிக்கு மண்டபத்தில் ஒரு சின்ன ஒத்திகை வைத்திருக்கிறேன்: நாலு வரி, ஒரு பாட்டு. தடித்த குரல்காரர் இடப்பக்கம் வந்து நில்லுங்கோ. எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.